சிவக்க மறுத்த தங்கம்

தங்க நானோ துகள்களைத் தயாரிக்கும் முறையை அரைப்பக்கத்தில் எழுதிவிடலாம். குளோரோ ஆரிக் அமிலம் என்ற தங்க உப்பின் மிக நீர்த்த கரைசல் 50 மில்லிலிட்டரைக் கொதிக்க வைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே, சோடியம் சிட்ரேட் கரைசல் 5 மில்லிலிட்டரை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் முதலில் நிறமிழக்கும். பிறகு சாம்பல் கலந்த நீலமாக இருண்டு, ஊதாவைக் கடந்து, சில நிமிடங்களில் மாணிக்கச் சிவப்பில் வந்து நிற்கும். ஜான் டர்கெவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1951இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட முறை இது. நானோ ஆய்வுக்குள் நுழைகிறவர்களில் பலர் முதலில் செய்து பார்ப்பதும் இதுவே. நானும் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் மாதத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். ஏறத்தாழ ஓராண்டுக் காலம், செய்த ஒவ்வொரு முறையும் திரவம் சிவந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை அது ஊதாவிலேயே நின்றுவிட்டது. குடுவையின் உட்சுவரில் கருமையான மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருந்தது. மறுநாளும் அப்படியே. அடுத்த இரண்டு மாதங்களில் ஏறத்தாழ முப்பது முறை முயன்றேன்; அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை கெட்டன. அந்த இரண்டு மாதங்கள் இந்தத் துறையைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நிறம் மாறியதற்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். நுண்துகள்கள் நீரில் மிதக்கும் இந்தக் கூழ்மத்தில் நிறம் என்பது துகள்களின் உடல்நிலையைக் காட்டும் நாடி. தங்கத்துக்குள் கட்டின்றி உலவும் எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்துக்கு ஏற்ப ஒன்றாக ஊசலாடுகின்றன; ஏறத்தாழ 13 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள, தனித்தனியாக நீரில் மிதக்கும் துகள்களில் அந்த ஊசலாட்டம் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியோடு ஒத்திசைந்து அதை விழுங்கிக்கொள்கிறது, எனவே எஞ்சி வரும் ஒளி சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டால் அவற்றின் ஊசலாட்டங்கள் இணைந்து, உட்கவரும் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகர்கிறது. கூழ்மம் ஊதாவாகவும் நீலமாகவும் மாறுகிறது. கோள வடிவத் துகள்கள் ஒளியை உட்கவர்வதையும் சிதறடிப்பதையும் கணக்கிடும் கோட்பாட்டை குஸ்தாவ் மீ 1908இல் தந்தார். ஆனால் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1857இல், மைக்கேல் ஃபாரடே இத்தகைய சிவந்த தங்கத் திரவங்களைச் செய்து, அவற்றில் தங்கம் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாகவே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். சிறிது உப்பைச் சேர்த்ததும் சிவப்பு நீலமாவதையும் அவர் பதிவு செய்தார். அணுக்களின் இருப்பே ஐயத்துக்குரியதாக இருந்த காலத்தில், ஒரு நிறமாற்றத்தைக் கொண்டு அவர் அவ்வளவு தூரம் சென்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. அவர் செய்த கூழ்மங்களுள் சில இலண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

உப்பு செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் என் குடுவையில் என்ன நேர்ந்திருக்கலாம் என்பதும் ஓரளவு புரியும். ஒவ்வொரு துகளின் மேலும் சிட்ரேட் அயனிகள் படிந்து அதற்கு எதிர்மின்னூட்டம் தருகின்றன. ஒரே மின்னூட்டம் கொண்டவை விலக்கிக்கொள்வதால் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிட்டால், விலக்குவிசை எட்டும் தூரம் குறுகி, துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் தூரத்துக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே நிற்பது இந்த ஒற்றை அயனிப் படலம்தான். துகளின் உள்ளே எத்தனை ஆயிரம் தங்க அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தாலும், அதன் விதியைத் தீர்மானிப்பது மேல்தோல்.

இதை எண்களில் பார்ப்பது நல்லது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், அதே அளவு பொருளின் பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். 13 நானோமீட்டர் தங்கத் துகளில் ஏறத்தாழ 68,000 அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் பத்தில் ஒன்று வெளிப்பரப்பில் நிற்கிறது. 3 நானோமீட்டர் துகளில் இருப்பவை சுமார் 800 அணுக்களே. அவற்றில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெளியே தெரிகின்றன. வெளியே நிற்கும் அணுவுக்கு அண்டை அணுக்கள் குறைவு, பிணைப்பும் குறைவு. அதனால்தான் 1064 டிகிரி செல்சியஸில் உருகும் தங்கம், சில நானோமீட்டர் துகளாகும்போது பல நூறு டிகிரி குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. வேதிவினைகளில் சோம்பேறி என்று பெயரெடுத்த தங்கம், 5 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களாக ஆக்சைடு ஒன்றின் மேல் பரப்பப்பட்டபோது, கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்கு வெகு கீழான குளிரிலும் ஆக்சிஜனேற்றம் செய்வதை மசதாகே ஹருத்தா 1980களில் கண்டறிந்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. நானோ என்றால் சிறியது என்று விளக்குவது தவறில்லை. ஆயினும் பொருளின் பெரும்பகுதி பரப்பாகவே மாறிவிடும் நிலை என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பரப்பு எதைத் தொட்டாலும் துகளுக்கு அது தெரியும்.

ஆகவே என் தேடல், துகளை எது தொட்டது என்ற தேடலாயிற்று. முதலில் நீரைச் சந்தேகித்தேன். சுத்திகரிப்பு இயந்திரத்தின் திரை 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் என்று காட்டியது. அயனிகளைப் பொறுத்தவரை அதைவிடத் தூய நீர் கிடைக்காது. ஆனால் மின்தடை அயனிகளை மட்டுமே காட்டும், கரிமப் பொருள்களைக் காட்டாது என்பதால் வடிப்பானையும் மாற்றச் செய்தேன். நிறம் மாறவில்லை. சிட்ரேட் கரைசலை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலந்தேன். தங்க உப்பின் புதிய குப்பியைத் திறந்தேன். எல்லாக் குடுவைகளையும் இராஜ திராவகத்தில், அதாவது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த அந்தக் கொடிய திரவத்தில், ஊறவைத்துக் கழுவினேன். தங்கத்தையே கரைக்கும் அது, முந்தைய தயாரிப்பில் எஞ்சி ஒட்டியிருக்கும் தங்கத்தையும் அகற்றிவிடும். (இதைச் செய்கிறவர்கள் புகை உறிஞ்சும் கூண்டுக்குள்ளேயே செய்ய வேண்டும், கழிவை ஒருபோதும் இறுக மூடிய புட்டியில் வைக்கக் கூடாது, வாயு உருவாகி வெடித்துவிடும்.) ஊற்றும் வரிசையையும் மாற்றிப் பார்த்தேன். கொதிக்கும் சிட்ரேட்டில் தங்கக் கரைசலை ஊற்றினால் துகள்கள் சற்றுச் சிறியவையாகவும் ஒரே சீராகவும் வரும். வந்தன, ஆனால் இரண்டு முறை மட்டும். மூன்றாவது முறை மறுபடியும் ஊதா. எப்போதும் கெடும் சோதனையைத் திருத்துவது எளிது. சில நாள்கள் மட்டும் கெடும் சோதனை மனிதனைத் தூங்கவிடாது.

அந்த நாள்களில் பிறருடைய தோல்விகளைத் தேடிப் படித்தேன். தங்க நானோ தண்டுகளைத் தயாரிப்பவர்களின் கதை என்னை மிகவும் பாதித்தது. அந்தத் தண்டுகள் வளர சிடாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும், சோப்பைப் போன்ற ஒரு பரப்புவினைபொருள் தேவை. ஒரே செய்முறையைப் பின்பற்றியும் சில ஆய்வகங்களில் தண்டுகள் வந்தன, சிலவற்றில் உருண்டைகளே வந்தன. 2008இல் ஒரு குழு, வெவ்வேறு விற்பனையாளர்களிடமிருந்து வாங்கிய பத்து வகைச் சிடாப்களைக் கொண்டு ஒரே செய்முறையைச் செய்து பார்த்தது. அவற்றுள் மூன்றில் தண்டுகள் வரவேயில்லை. அடுத்த ஆண்டு காரணம் தெரிந்தது: அந்தச் சிடாப்களில் மாசாகக் கலந்திருந்த மிகச் சிறிதளவு அயோடைடு. அது தங்கப் படிகத்தின் முகங்களில் வலுவாக ஒட்டிக்கொண்டு, நீளவாக்கில் மட்டும் வளர வேண்டிய துகளை எல்லாப் பக்கமும் வளரச் செய்துவிடுகிறது. புட்டியின் மேல் ஒட்டிய தூய்மைச் சான்றில் இது கண்ணில் படாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. குறைக்கடத்திப் படிகங்களை சில நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கும்போது, எலக்ட்ரான்கள் அடைபடும் இடம் குறுகி, அவை உமிழும் ஒளியின் நிறம் மாறுகிறது. காட்மியம் செலினைடு 2 நானோமீட்டரில் நீலமாகவும் 6 நானோமீட்டரில் சிவப்பாகவும் ஒளிரும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இவற்றுக்காகத்தான் அலெக்ஸி எகிமோவ், லூயிஸ் புரூஸ், மௌங்கி பவேண்டி ஆகிய மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பவேண்டியின் குழு 1993இல் தந்த, சூடான கரைப்பானில் மூலப்பொருள்களைத் திடீரென்று செலுத்தும் முறைதான் ஒரே அளவுள்ள படிகங்களைக் கைக்கெட்டச் செய்தது. அந்தக் கரைப்பான் டிரைஆக்டைல் பாஸ்பீன் ஆக்சைடு. பின்னாளில் அதன் மிகத் தூய வகையைப் பயன்படுத்தியவர்கள், மலிவான, தூய்மை குறைந்த வகையில் கிடைத்த கட்டுப்பாடு தங்களுக்குக் கிடைக்காததைக் கண்டார்கள். தூய்மை குறைந்த புட்டியில் மாசாக இருந்த பாஸ்போனிக் அமிலம் போன்றவைதான் படிகத்தின் பரப்பைப் பிடித்து வளர்ச்சியை நெறிப்படுத்தியிருக்கின்றன. பிறகு அந்த மாசையே பெயர் சொல்லி, எடை போட்டுச் சேர்க்கத் தொடங்கினார்கள். செய்முறையில் எழுதப்படாத பொருள் ஒன்று வேலை முழுவதையும் செய்துகொண்டிருந்திருக்கிறது. இதைப் படித்த இரவில், என் பழைய வெற்றிகளையும் நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். ஓராண்டுக் காலம் சிவந்ததற்குக் காரணம் என் திறமையா, அல்லது எனக்குத் தெரியாமல் எங்கோ கலந்திருந்த ஏதோ ஒன்றா?

இதற்கிடையே, கெட்ட கூழ்மம் எந்த வகையில் கெட்டிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டியிருந்தது. அளத்தலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தத் துறையில் மிக அலட்சியமாக எழுதப்படும் வாக்கியம் துகளின் அளவு இத்தனை நானோமீட்டர் என்பதுதான். என் நல்ல கூழ்மம் ஒன்றை மூன்று கருவிகளில் அளந்தேன். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி 13 நானோமீட்டர் என்றது. ஒளிச்சிதறல் கருவி 19 என்றது. நிறமாலைமானி 520 நானோமீட்டரில் ஒரு முகட்டைக் காட்டியது; அதிலிருந்து அளவை ஊகிக்கலாமே தவிர நேராகப் படிக்க இயலாது. மூன்றும் பொய் சொல்லவில்லை. நுண்ணோக்கி, உலர்ந்த துகளின் தங்க உடலை மட்டும் பார்க்கிறது. அதன் மேலுள்ள சிட்ரேட்டும் நீரும் எலக்ட்ரான் கற்றைக்கு ஏறத்தாழ இல்லாதவை போன்றவை. ஒளிச்சிதறல் கருவி துகளைப் பார்ப்பதேயில்லை. துகள் நீரில் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதை அளந்து, அதே வேகத்தில் அலையும் உருண்டையின் விட்டத்தைச் சொல்கிறது. துகளோடு சேர்ந்து நகரும் அயனிப் படலமும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

அதோடு முடிவதில்லை. சிதறும் ஒளியின் செறிவு ஆரத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 13 நானோமீட்டர் துகளைவிடப் பத்து மடங்கு பெரிய ஒரு தூசி, பத்து லட்சம் துகள்கள் சேர்ந்து சிதறடிக்கும் அளவுக்கு ஒளியைச் சிதறடிக்கும். எனவே குடுவையில் ஒட்டிச் சேர்ந்த கொத்துகள் மிகச் சிலவே இருந்தாலும் அந்தக் கருவி அவற்றையே உரக்கச் சொல்லும். நுண்ணோக்கியின் குறை இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. என் கூழ்மத்தின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 8 லட்சம் கோடி துகள்கள் இருந்தன. நான் படமெடுத்து எண்ணியவை முந்நூறு. அந்த முந்நூறையும் தேர்ந்தெடுத்தது என் கண்தான், அழகாகப் பரவியிருந்த இடத்தை நோக்கியே அது போயிற்று. துளி உலரும்போது அதன் விளிம்பில் துகள்கள் தாமாகவே குவியும் என்பதால், படத்தில் கொத்தாகத் தெரிபவை நீரிலும் கொத்தாக இருந்தன என்று சொல்லிவிடவும் முடியாது. கெட்ட கூழ்மத்தை நுண்ணோக்கியில் வைத்தபோது, நல்லதில் கண்ட அதே உருண்டைகளோடு, ஒழுங்கற்ற பெரிய கட்டிகளும் தெரிந்தன. முதலில் அவற்றை உலர்வதால் வந்தவை என்று ஒதுக்கினேன். அந்த ஒதுக்கலுக்காக மூன்று வாரங்களை இழந்தேன். ஒளிச்சிதறல் கருவி ஈரத்திலேயே அந்தக் கட்டிகளைக் காட்டியபோதுதான், அவை உலரும்போது ஒட்டிக்கொண்டவை அல்ல, தொடக்கத்திலேயே வேறொரு இடத்தில் வேறொரு வகையாக வளர்ந்திருக்கின்றன என்று புரிந்தது.

தங்கம் கரைசலிலிருந்து வெளிவரும்போது முதலில் நுண்ணிய கருக்கள் தோன்ற வேண்டும். அவை தோன்றுவதற்கு ஒரு தடையைத் தாண்ட வேண்டும். ஏற்கெனவே எங்காவது தங்கப் பரப்பு இருந்தால் அந்தத் தடை இல்லை, வருகிற அணுக்கள் அதன் மேலேயே படிந்து வளரத் தொடங்கிவிடும். அப்படியானால் கொதிக்கும் குடுவைக்குள், நான் சுத்தம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றில், பழைய தங்கம் இருந்திருக்கிறது. குடுவை அல்ல; அது அமிலத்தில் ஊறியது. நீரல்ல, உப்புமல்ல. எஞ்சியிருந்தது, குடுவையின் அடியில் சுழன்றுகொண்டிருந்த காந்தக் கலக்கித் துண்டு. எங்கள் ஆய்வகத்தில் அந்த வெள்ளை டெஃப்ளான் துண்டுகள் அனைத்தும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் கிடக்கும். எதற்கு எது பயன்பட்டது என்ற கணக்கு கிடையாது. சோப்பு நீரில் கழுவிப் போட்டுவிடுவோம். டெஃப்ளானில் எதுவும் ஒட்டாது என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. நான் பயன்படுத்திய துண்டுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். புதியவை வழவழப்பாக இருந்தன. பழையவற்றில் கண்ணாடியோடு உராய்ந்து கீறல்களும் பிளவுகளும் விழுந்திருந்தன. அந்தப் பிளவுகளுக்குள் கரிய கோடுகள். புதிய துண்டைப் போட்டு ஐந்து முறை செய்தேன், ஐந்தும் சிவந்தன. கரிய கோடுள்ள துண்டைப் போட்டு ஐந்து முறை செய்தேன், நான்கு ஊதாவாயின. அந்த ஒன்பதாவது குடுவையைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றது நினைவிருக்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பயன்படுத்திய கலக்கித் துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றின் கீறல்களில் பல்லேடியம், தங்கம், இரும்பு போன்ற உலோகங்கள் சிக்கியிருப்பதையும், வழக்கமான கழுவலில் அவை போகாமல் அடுத்த வேதிவினைக்கு வினையூக்கியாக மாறக்கூடும் என்பதையும் காட்டியது. கார்பன் நானோ குழாய்கள் மின்வேதி வினையைத் தூண்டுவதாகக் கருதப்பட்ட சில நிகழ்வுகளில், உண்மையில் தூண்டியது அவற்றை வளர்க்கப் பயன்பட்டு உள்ளே எஞ்சியிருந்த இரும்புத் துகள்களே என்று 2006இலேயே ஒரு குழு எடுத்துக்காட்டியிருந்தது. குழாய்க்குக் கிடைத்த புகழ் இரும்புக்கு உரியது.

அதன் பின் நான் கூழ்மங்களிலிருந்து கருவிகளுக்கு நகர்ந்தேன். சிலிக்கான் பலகையின் மேல் எலக்ட்ரான் கற்றையால் வரைந்து, பொறித்து, 40 நானோமீட்டர் அகலமுள்ள கம்பிகளைச் செய்யும் வேலை. தூய அறையின் மஞ்சள் விளக்கும் (ஒளியுணர் பூச்சு நீல ஒளியில் கெட்டுவிடும் என்பதால் அந்த விளக்கு), தலை முதல் கால் வரை மூடும் உடையும், இங்கே மாசுக்கு வழியே இல்லை என்ற எண்ணத்தை எனக்குத் தந்தன. உண்மையில் குறைக்கடத்திக் கருவிகளின் வரலாறே பரப்போடு நடந்த போராட்டம்தான். மின்புலத்தால் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரைச் செய்ய முயன்ற தொடக்க கால முயற்சிகள் தோற்றதற்கு, பரப்பில் சிக்கிக்கொள்ளும் எலக்ட்ரான்களே காரணம் என்று ஜான் பார்டீன் விளக்கினார். 1950களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலா, சிலிக்கானை வெப்பத்தில் ஆக்சிஜனேற்றி வளர்த்த ஆக்சைடு படலம் அந்தப் பரப்பை அமைதிப்படுத்துவதைக் காட்டினார். அதிலிருந்தே அவரும் டாவோன் காங்கும் செய்த டிரான்சிஸ்டர் பிறந்தது, இன்றைய சில்லுகள் ஏறத்தாழ அனைத்தும் அதன் வழி வந்தவை. சிலிக்கான் வென்றதற்கு அதன் உட்புறத்தைவிட அதன் மேல் வளரும் அந்தக் கண்ணாடிப் படலமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

என் கம்பிகள் அதை எனக்கு நேரடியாகவே உணர்த்தின. அவற்றின் மின்னோட்டம் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு பாதையிலும் இறக்கும்போது வேறொரு பாதையிலும் சென்றது. இம்முறை இரண்டு மாதங்கள் ஆகவில்லை. பரப்பை முதலிலேயே சந்தேகிக்கக் கற்றிருந்தேன். கார்பன் நானோ குழாய் டிரான்சிஸ்டர்களில் இதே இரட்டைப் பாதை தோன்றுவதற்கு, குழாயைச் சுற்றி ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் மின்னூட்டத்தைப் பிடித்துப் பிடித்து விடுவதே காரணம் என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்லியிருந்தது. வெற்றிடத்தில் சூடாக்கிவிட்டு அளந்தேன், இரண்டு பாதைகளும் ஏறத்தாழ ஒன்றாயின. காற்றை உள்ளே விட்டதும் மறுபடியும் பிரிந்தன. இந்த உணர்ச்சி மிகுதியே குறையாகவும் பயனாகவும் இருக்கிறது: 2001இல் சார்ல்ஸ் லீபரின் குழு சிலிக்கான் நானோ கம்பியின் மேல் ஏற்ற மூலக்கூறுகளை இணைத்து, அதில் வந்து ஒட்டும் புரதங்களை மின்னோட்டத்தின் மாற்றத்தாலேயே கண்டறிந்தது இதே பண்பைக் கொண்டுதான்.

மற்றொரு நாள், 24 இணைப்புகள் கொண்ட ஒரு சில்லில் எட்டு இணைப்புகள் ஒரே மதியத்தில் இறந்தன. 10 நானோமீட்டர் இடைவெளியின் குறுக்கே ஒரே ஒரு வோல்ட் இருந்தாலும் மின்புலம் மீட்டருக்குப் பத்துக் கோடி வோல்ட். சாதாரணக் காற்றில் பொறி பறக்க 30 லட்சம் போதும். அவ்வளவு குறுகிய இடைவெளியில் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதிப் பெருக இடமில்லாததால்தான் கருவி உயிரோடு இருக்கிறது. தரையில் நடக்கும் மனித உடலோ சில ஆயிரம் வோல்ட்டைச் சேர்த்துக்கொள்ளும். மணிக்கட்டில் நிலத்தோடு இணைக்கும் பட்டையைக் கட்டாமல் நான் சில்லைத் தொட்டிருந்தேன்.

தனி அணுக்களை நகர்த்தியவர்களும் முதலில் பரப்பைத்தான் அடக்க வேண்டியிருந்தது. டான் ஐக்லரும் எர்ஹார்ட் ஷ்வைட்சரும் 1989இல் 35 செனான் அணுக்களை நிக்கல் பரப்பில் நகர்த்தித் தங்கள் நிறுவனமான ஐபிஎம்மின் பெயரை எழுதிய படம் உலகம் முழுவதும் பரவியது. அந்தப் படத்துக்குப் பின்னால் 4 கெல்வின் குளிரும், மிகை உயர் வெற்றிடமும் இருந்தன. வளிமண்டல அழுத்தத்தின் நூறு கோடியில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சிய வெற்றிடத்தில்கூட, தூய பரப்பு ஒன்றின் மேல் ஒரு வினாடியில் முழு அணுப்படலம் படிந்துவிடும். அதைவிடப் பல மடங்கு வெறுமையான இடத்தில்தான் அந்த எழுத்துகள் நின்றன. சில்லுத் தொழிற்சாலைகளிலும் நிலைமை இதுவே: சில்லுகளில் நுண்கோடுகளைப் பதிக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பெற, வினாடிக்கு ஏறத்தாழ 50,000 உருகிய வெள்ளீயத் துளிகளை லேசரால் தாக்குகிறார்கள். அதிலிருந்து தெறிக்கும் வெள்ளீயம் ஆடிகளில் படியாதிருக்க ஹைட்ரஜனைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

உடலுக்குள் செலுத்தும் நானோ மருந்துகளில் இந்தப் பிரச்சினை மிகக் கடுமையாகிறது, மிக அக்கறையோடு பேச வேண்டியதும் அங்கேதான். ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாகப் பூசிய துகளானாலும், இரத்தத்தில் கலந்த சில கணங்களில் புரதங்கள் அதைப் போர்த்திக்கொள்கின்றன. அதன் பிறகு உயிரணுக்கள் சந்திப்பது நாம் செய்த பரப்பை அன்று, அந்தப் புரதப் போர்வையை. புற்றுக்கட்டியை நோக்கிச் செல்லும்படி துகளின் மேல் ஒட்டிய மூலக்கூறு போர்வைக்கு அடியில் மறைந்துவிடலாம். கல்லீரலும் மண்ணீரலும் துகள்களை வடித்தெடுத்துக்கொள்கின்றன. பத்தாண்டுக் காலத்தில் வெளியான விலங்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது இடைநிலை மதிப்பாக 0.7 சதவீதமே என்று கணக்கிட்டது. இந்த எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்தவர்கள் உண்டு. எனக்கு அது நம்பிக்கை தந்தது, ஏனெனில் யாரோ ஒருவர் உட்கார்ந்து நேர்மையாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார். கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள்கள் வெற்றி பெற்றதற்கும், பரப்பின் மின்னூட்டம் அமிலத்தன்மைக்கு ஏற்ப மாறும் கொழுப்புகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தேடியதே அடித்தளம்.

2018இல், உயிரியலோடு தொடர்புள்ள நானோ ஆய்வுகளில் குறைந்தபட்சம் எவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்று ஒரு பட்டியலை ஆய்வாளர்கள் சிலர் முன்வைத்தார்கள். துகளின் அளவை எந்த முறையில் அளந்தார்கள், பரப்பின் மின்னூட்டம் என்ன, உயிரணுக்களுக்குக் கொடுத்த அளவு எவ்வளவு என்பன போன்றவை. அதைப் படித்தபோது, என் முதல் கட்டுரையின் செய்முறைப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். தங்கத் துகள்கள் வழக்கமான சிட்ரேட் முறையில் தயாரிக்கப்பட்டன என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அதைப் படித்து ஒருவர் செய்து பார்த்து ஊதா நிறத்தைக் கண்டால், அவருக்கு என் வரியில் எந்த உதவியும் இல்லை.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் தங்கத்துக்கென்று தனியாக ஒரு பாத்திரம் இருக்கிறது. அதிலுள்ள கலக்கித் துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, எந்த நாளில் எதற்குப் பயன்பட்டது என்ற பதிவேடு பக்கத்திலேயே தொங்குகிறது. கீறல் விழுந்தது தெரிந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிடுகிறோம். அண்மையில் அனுப்பிய கட்டுரையின் செய்முறைப் பகுதியில் சிட்ரேட் புட்டியின் தொகுதி எண், நீர் எடுக்கப்பட்ட நாள், ஊற்றிய வேகம் ஆகியவற்றோடு இப்படியும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறேன்: கலக்கித் துண்டு இதற்கு முன் பயன்படுத்தப்படாதது, பயன்படுத்தும் முன் ஒரு மணி நேரம் இராஜ திராவகத்தில் ஊறவைத்து, தூய நீரில் பத்து முறை அலசப்பட்டது.